டிரை சம்ப் போட்ட வண்டி: பவர் ஏறியது, ஆயில் அளவு பார்ப்பதற்குள் உயிர் போகிறது

பம்ப் பெல்ட் மாற்றி வண்டியை எடுத்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட் சம்ப்பிலிருந்து டிரை சம்ப்புக்கு மாறினால் எத்தனை ஹெச்பி ஏறும் என்று நண்பர் ஒருவர் நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இது. வெட் சம்ப் என்றால் இன்ஜினுக்கு அடியிலுள்ள தொட்டியிலேயே (சம்ப்) ஆயில் கிடக்கும்; டிரை சம்ப் என்றால் அதைப் பம்ப் உறிஞ்சித் தனி டேங்கில் சேர்த்து, அங்கிருந்து இன்ஜினுக்கு அனுப்பும். என் வண்டியில் முன்பக்கம் வி8. வெளியே பெல்ட்டில் ஓடும் நாலு ஸ்டேஜ் பம்ப்: மூன்று உறிஞ்சுவதற்கு, ஒன்று பிரஷருக்கு. பின்னால் உயரமான டேங்க். பிஸ்டன், ரிங், கேம் எதிலும் கை வைக்கவில்லை.

பவர் ஏறியது உண்மை. பவர் அளக்கும் டைனோ மெஷின் ஒன்றிலேயே மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன். 4,000 ஆர்பிஎம் வரை இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. அதற்கு மேல் மெல்லப் பிரிந்து, ரெட்லைன் பக்கம் வீலில் பத்துப் பன்னிரண்டு ஹெச்பி வித்தியாசம் காட்டியது. 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கியத் தண்டு) நொடிக்கு 100 தடவை சுற்றுகிறது. அந்த வேகத்தில் சம்ப்பிலிருந்து தெறிக்கிற ஆயிலும், பேரிங்கிலிருந்து வழிந்து கிராங்க்கோடு சேர்ந்தே சுழல்கிற ஆயில் மூட்டமும் அதை இழுத்துப் பிடிக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரில் ஓடுகிற மாதிரி. ஆயிலை உடனுக்குடன் உறிஞ்சி வெளியே டேங்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் அந்த இழுவை குறைகிறது. மெதுவாகச் சுற்றும்போது இழுவையே அதிகமில்லை, அதனால் கீழ் ஆர்பிஎம்மில் லாபமும் இல்லை.

உறிஞ்சும் ஸ்டேஜ்கள் ஆயிலோடு காற்றையும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் வாயுவையும் இழுப்பதால் கிராங்க்கேஸுக்குள் (கிராங்க் இருக்கும் அறை) வெற்றிடம் உண்டாகும். ரிங் இன்னும் நன்றாக அடைக்கும். ஆனால் இதில் முழுப் பலன் வேண்டுமென்றால் டென்ஷன் குறைந்த ரிங் போட வேண்டும், அதாவது இன்ஜினைப் பிரிக்க வேண்டும். யாராவது பெரிய நம்பர் சொன்னால், ரிங் மாற்றினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வெற்றிடத்தையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அளவு மீறினால் பிஸ்டனைக் கோக்கும் பின் (pin) மேல் தெறித்துப் போகவேண்டிய ஆயில் குறையும், கிராங்க் சீல் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். என்னுடையதில் வெற்றிடம் 12 அங்குலப் பாதரச அளவை எட்டினால் திறக்கும் ரிலீஃப் வால்வு இருக்கிறது. ஐடிலில் முன் சீல் சன்னமாக விசிலடிக்கும். அது பழகிவிட்டது.

ஹெச்பியை விட எனக்குப் பெரிய சந்தோஷம் பிரஷர் கேஜ்தான். முன்பெல்லாம் டிராக்கில் நீளமான வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஆயிலை உறிஞ்சும் குழாய் (பிக்கப்) காற்றைக் குடிக்கும். முள் சரியும்போது நெஞ்சும் கூடவே சரியும். இப்போது வளைவு முழுக்க முள் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. போர்ஷே 911-இல் 1964-லேயே டிரை சம்ப் வந்தது. கார்வெட்டில் 2006 இசட்06-க்கு வந்து, 2020 சி8-இல் எல்லா மாடலுக்குமே வந்துவிட்டது. வளைவில் பேரிங் காய்ந்து போகாமல் இருப்பதுதான் இதில் முதல் காரியம். பவர் கொசுறு.

இனி வயிற்றெரிச்சல்.

இந்த வண்டியில் ஆயில் அளவு பார்ப்பது ஒரு சடங்கு. இன்ஜின் நிற்கும்போது பார்க்கக் கூடாது. ராத்திரி நிறுத்தினால் டேங்கிலிருக்கும் ஆயில் பம்ப் இடுக்கு வழியாகக் கசிந்து மெல்ல சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் டிப் ஸ்டிக்கை எடுத்தால் துடைத்து வைத்த மாதிரி காய்ந்திருக்கும். ஸ்டார்ட் செய்து, ஆயில் 80 டிகிரியைத் தாண்டும்வரை ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே ஆயில் சுழன்றுகொண்டிருக்கும், மேலே நுரை. குச்சியை விட்டு எடுத்தால் கோடு எங்கே, நுரை எங்கே என்று டார்ச் அடித்துத் தேட வேண்டும். சட்டைக் கையில் கறை. இரண்டு தரம் பார்த்தால் இரண்டு அளவு.

மச்சானிடம் ஒரு வாரம் வண்டியைக் கொடுத்திருந்தேன். காலையில் போன்: "மாமா, டேங்க்ல ஆயிலே இல்ல, நல்லவேளை நான் பாத்தேன், ரெண்டு லிட்டர் ஊத்திட்டேன்." அடுத்த டிராக் நாளில் டேங்க் நிரம்பி, காற்றுப்போக்கியான பிரீதர் வழியாகப் பொங்கி, வழிவதைப் பிடிக்கும் கேட்ச் கேனும் நிறைந்து, எக்ஸாஸ்ட் மேல் சொட்டிப் புகை. அவன் மேல் தப்பில்லை. வேறு எந்த வண்டியாக இருந்தாலும் அவன் செய்தது சரி.

சர்வீஸ் சமாச்சாரம் சுருக்கமாக: ஆயில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பிடிக்கும், செலவு கையைக் கடிக்கும். மாற்றும்போதும் கூலரிலும் ஹோஸிலும் பழையது தங்கிவிடும்.

இப்போது மாற்றிய பெல்ட்டுக்கு வருகிறேன். பிராக்கெட் பொருத்தியவர்கள் புல்லிகளை நூல் பிடித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பிசிறடித்து, பிராக்கெட் மேல் கறுப்புத் தூள் படிந்துகொண்டே இருந்தது. கேட்டபோது, "புதுசுல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். இந்த பெல்ட் அறுந்தால் ஏசி பெல்ட் அறுந்த மாதிரி வியர்த்துக்கொண்டே வீடு வந்து சேர முடியாது. அந்த நொடியே ஆயில் பிரஷர் பூஜ்யம், சாவியை அணைக்கத் தாமதித்தால் பேரிங் போச்சு. வேறு பட்டறையில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்து நேராக்கிப் புது பெல்ட் போட்டிருக்கிறேன். இப்போது தூள் இல்லை.

நண்பரே, ஹெச்பிக்காக என்றால் வேண்டாம். கிராங்க்குக்கும் ஆயிலுக்கும் நடுவே ஒரு நல்ல விண்டேஜ் (windage) டிரே என்கிற தடுப்புத் தட்டு, சம்ப்புக்குள் ஆயில் ஒதுங்காமல் தடுக்கும் பேஃபிள், வளைவு பயமிருந்தால் பிரஷர் விழும்போது ஆயிலைத் தள்ளும் ஓர் ஆயில் அக்யூமுலேட்டர். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சக் காசில் டயர் வாங்கினால் டிராக்கில் ஒரு சுற்றுக்கான நேரம் அதிகம் குறையும். மார்க் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. பழைய சம்ப்பை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தீர்கள், தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கு இனி அது தேவைப்படாது.