புது டி அண்ட் டி ரூல்புக்: பழைய அட்வென்சர் அதுல ஓடுதா?

வேளச்சேரில எங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ முழங்கால் அளவு தண்ணி உள்ள வந்துச்சு, புக் ஷெல்ஃப்ல கீழ் தட்டு மொத்தமும் போச்சு, அதுல டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி அண்ட் டி, ஆளுக்கொரு கேரக்டர எடுத்து பகடை உருட்டி கதையா ஆடற கேம்) 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கும் ஒண்ணு, அதாவது ஆடறவங்களுக்கான ரூல்புக். மொட்டை மாடில ரெண்டு வாரம் காய வெச்சேன், பக்கமெல்லாம் உப்பி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. திருத்தின புக் 2024ல வருதுன்னு அப்பவே சொல்லிட்டதால பழசையே திரும்ப வாங்காம காத்திருந்தேன். 2024 செப்டம்பர்ல பிளேயர்ஸ் ஹேண்ட்புக், நவம்பர்ல டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, 2025 பிப்ரவரில மான்ஸ்டர் மேனுவல்னு மூணும் வந்துச்சு, மூணையும் வாங்கிட்டேன். அப்போலேர்ந்து எங்க சனிக்கிழமை டேபிள்ல இதுதான் ஓடுது.

புது ஹேண்ட்புக் எப்படி இருக்குன்னு சீக்கிரம் சொல்லிடறேன். 384 பக்கம், 12 கிளாஸ் (கேரக்டரோட தொழில் மாதிரி), ஒவ்வொண்ணுக்கும் 4 சப்கிளாஸ் (அதுக்குள்ள ஒரு பிரிவு), படமெல்லாம் அட்டகாசம், ரூல் தேடறது பழசைவிட ரொம்ப ஈஸி, ஏன்னா கடைசில ஒரு ரூல்ஸ் அகராதி அகர வரிசைல இருக்கு. விலை மூணு புக்கும் ஒவ்வொண்ணு 49.99 டாலர், நம்ம ஊருக்கு வந்து சேர்றப்போ இன்னும் ஏறும், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஏன்னா எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்வி, பத்து வருஷமா சேத்து வெச்ச பழைய புக்கெல்லாம் என்ன ஆகும்?

கம்பெனி இத ஆறாவது எடிஷன்னு சொல்லல, அதே அஞ்சாவது எடிஷன்தான், பழசோட ஒத்துப் போகும்னு சொல்றாங்க. நான் ஆடிப் பாத்த வரைக்கும் அட்வென்சருக்கு, அதாவது ரெடியா எழுதி வெச்ச கதைக்கு, அது உண்மை. கேரக்டருக்கு பாதிதான் உண்மை. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்காம பேசறதாலதான் இவ்ளோ சண்டை வருது.

முதல்ல அட்வென்சர். 2014 ஸ்டார்ட்டர் செட்ல வந்த கதைய எடுத்தேன், பாதைல செத்த குதிரை ரெண்டு கிடக்கும், புதர்ல நாலு காப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி மான்ஸ்டர்) ஒளிஞ்சிருக்கும்ல, அது. பழைய காப்ளினுக்கு ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) 7, புது மான்ஸ்டர் மேனுவல்ல காப்ளின் வாரியருக்கு 10, அட்வான்டேஜ் (பகடைய ரெண்டு தடவை உருட்டி பெருச எடுக்கறது) கிடைச்சா அடியும் கூடுதலா விழும். மேப், கதை, புதையல், டிசி நம்பர் (ஒரு வேலை முடிய பகடைல வர வேண்டிய எண்) எதையும் தொடல, பேரைப் பாத்து புது ஸ்டாட் பிளாக்க (மான்ஸ்டரோட எண்ணெல்லாம் இருக்கற கட்டம்) எடுத்து வெச்சேன், ஓடிடுச்சு. மாமல்லபுரம் கடற்கரைய வெச்சு நானே எழுதின கேம்பெயின் (பல வாரம் தொடர்ற கதை) ஒண்ணு இருக்கு, அதுல கோயில் தூண்லேர்ந்து இறங்கி வர்ற யாளிக்கு பழைய முறைல ஸ்டாட் பிளாக் எழுதி வெச்சிருந்தேன், அத ஒரு எழுத்துகூட மாத்தாம அப்படியே இறக்கினேன், ஒரு குறையும் தெரியல. டி20 (20 பக்க பகடை) உருட்டி ஆர்மர் கிளாஸ (அடி விழ வேண்டிய எண்) எட்டணும்ங்கற அடிப்படை மாறலையே, அப்புறம் என்ன. ஓர்க் மட்டும் புது மேனுவல்ல தனி மான்ஸ்டரா கிடையாது, பிளேயர் எடுக்கற ஸ்பீசிஸ் (இனம்) ஆயிடுச்சு, அதனால பழைய கதைல ஓர்க் கூட்டம் வந்தா மேனுவல்ல பொதுவா குடுத்திருக்கற அடியாள் மாதிரி ஸ்டாட் பிளாக்க எடுத்துக்கணும், இல்லைன்னா பழசையே வெச்சுக்கலாம்.

ஆனா கண்ணுக்குத் தெரியாம மாறினதுதான் ஆட்டத்த மாத்துது. அதே நாலு காப்ளின் சண்டைல என் தங்கச்சி விஸார்ட் (மந்திரவாதி). பழைய ஸ்லீப் ஸ்பெல்னா 5டி8 (8 பக்க பகடை அஞ்சு) உருட்டணும், சராசரி 22 சொச்சம், அந்த அளவு ஹிட் பாயின்ட் வரைக்கும் தூங்கும், 7 பாயின்ட் காப்ளின் மூணு அப்படியே தூங்கிடும், சேவும் (தப்பிக்க பகடை உருட்டறது) கிடையாது. புது ஸ்லீப்ல 5 அடி ரேடியஸ்குள்ள இருக்கறதுங்க விஸ்டம் சேவ் போடணும், முதல் தடவை தோத்தா ஆக்ஷன் எதுவும் எடுக்க முடியாது, அடுத்த டர்ன் முடியறப்போ மறுபடி தோத்தாதான் தூக்கம். அவ அத விட்டுட்டு சார்ம் பர்சன் (வசியம் பண்ற ஸ்பெல்) போடறேன்னா. அதுவும் ஆகல, அது ஹியூமனாய்டு (மனுஷ வகை) மேலதான் பலிக்கும், காப்ளின் இப்போ ஹியூமனாய்டு இல்ல, ஃபே (மாய உலக வகை)! பத்து வருஷமா எல்லா டேபிள்லயும் வேலை செஞ்ச ஐடியா ரெண்டும் ஒரே ராத்திரில செல்லாம போச்சு. அட்வென்சர் புக்ல ஒரு வரி மாறல, ஆனா அதே சண்டை வேற சண்டை ஆயிடுச்சு. கெட்டதுன்னு சொல்ல வரல, எனக்கு புது ஸ்லீப்தான் பிடிச்சிருக்கு, ஆனா டிஎம்மா (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்த நடத்தறவர்) உக்கார்றவங்க இத முன்னாடியே படிச்சிட்டு டேபிள்ல சொல்லிடணும், நான் சொல்லல, அன்னிக்கு தங்கச்சி முகம் வாடினத இன்னும் மறக்கல.

இப்போ கேரக்டர். இங்கதான் தையல் வேலை. பழைய ரேஸ்ல (இப்போ ஸ்பீசிஸ்னு சொல்றது) வந்த எபிலிட்டி ஸ்கோர் (பலம், அறிவு மாதிரி எண்) போனஸ் இப்போ பேக்கிரவுண்டுக்குப் (கேரக்டரோட முந்தின வாழ்க்கை) போயிடுச்சு, முதல் லெவல்லயே ஒரு ஃபீட்டும் (தனித் திறமை) பேக்கிரவுண்ட்லேர்ந்தே வருது. ஹாஃப் எல்ஃப் புது புக்ல இல்ல, பழைய புக்லேர்ந்து எடுத்துக்கலாம், ஆனா அதோட ஸ்கோர் போனஸ விட்டுடணும். ஃபோக் ஹீரோ மாதிரி பழைய பேக்கிரவுண்டுனா ஸ்கோரையும் ஃபீட்டையும் நாமளே சேத்துக்கணும். இதெல்லாம் புக்லயே ஒரு சின்ன கட்டத்துல தெளிவா போட்டிருக்காங்க, பத்து நிமிஷ வேலை.

சப்கிளாஸ் அவ்ளோ லேசு இல்ல. எங்க டேபிள்ல ஒரு அக்கா டெம்பெஸ்ட் டொமைன் கிளெரிக் (கிளெரிக்னா பூசாரி மாதிரி, டொமைன்னா அதோட சப்கிளாஸ்) ஆடுறாங்க, இடி மின்னல் சாமி, அந்தப் புயலுக்கு அப்புறம் எடுத்த கேரக்டர், மாத்தவே மாட்டேன்னுட்டாங்க. புது ஹேண்ட்புக்ல கிளெரிக்குக்கு லைஃப், லைட், டிரிக்கரி, வார் நாலுதான், டெம்பெஸ்ட் இல்ல. பழசுல டொமைன் முதல் லெவல்லயே வரும், ஹெவி ஆர்மரும் பெரிய ஆயுதமும் அதுலயே கிடைக்கும். புதுசுல எல்லா சப்கிளாஸும் 3ம் லெவல்தான், ஹெவி ஆர்மர் வேணும்னா முதல் லெவல்ல ப்ரொடெக்டர்னு தனியா ஒரு சாய்ஸ் எடுக்கணும். அக்கா ப்ரொடெக்டர் எடுத்தா 3ம் லெவல்ல டொமைன் குடுக்கற ஆர்மர் வீண், எடுக்காம தாமட்டர்ஜ்ங்கற இன்னொரு சாய்ஸ் பக்கம் போனா ரெண்டு லெவல் மீடியம் ஆர்மரோட ஓட்டிட்டு அப்புறம் ரெண்டு பலனும் கைல. பழைய டொமைன்ல வர்ற 8ம் லெவல் டிவைன் ஸ்ட்ரைக்கும் (அடிக்கறப்போ கூடுதல் சேதம்) அப்படித்தான், புது கிளாஸ்ல 7லயே அது மாதிரி ஒண்ணு வருது, ரெண்டையும் சேத்துக்கக் கூடாது, ஒண்ணுதான்னு புக்கே சொல்லுது. ஆக ஓடும், ஆனா உக்காந்து ஒவ்வொரு லெவலா பாக்கணும், அத யாரும் அட்டைல எழுதறதில்ல.

பாலடின் (புனிதப் போர்வீரன்) ஆடுற தம்பிக்குத்தான் பெரிய அடி. பழசுல அடி விழுந்தா விழுந்தா ஸ்மைட் (அடியோட சேந்து விழற கூடுதல் சேதம்) போட்டுட்டே இருப்பான், இப்போ அது ஸ்பெல் ஆயிடுச்சு, போனஸ் ஆக்ஷன் (டர்னுக்கு ஒண்ணுதான் கிடைக்கும்) வேணும், எதிரி கவுன்டர்ஸ்பெல்லும் (ஸ்பெல்ல தடுக்கற ஸ்பெல்) போடலாம். ஓடிட்டிருந்த கேம்பெயின் பாதில, 7ம் லெவல்ல மாத்தச் சொன்னது என் தப்பு, ரெண்டு வாரத்துல அவனோட கேரக்டர மட்டும் பழைய ரூலுக்கே திருப்பினேன். அப்போ இன்னொரு சிக்கல், ஒரே டேபிள்ல ரெண்டு ரூல். நம்ம தாயம் மாதிரிதான், ஒரு வீட்ல எதிராளி காய வெட்டினாதான் உள்கட்டத்துக்குப் போகலாம், இன்னொரு வீட்ல வெட்டவே வேணாம், ரெண்டு வீட்டுக் குழந்தைங்களும் சேந்து ஆடறப்போ முதல்லயே பேசிக்கலைன்னா நடுவுல கட்டைய தூக்கி வீசிட்டு எழுந்து போவாங்க. ஒரே பேர்ல ரெண்டு வெர்ஷன் இருந்தா புதுசுதான்னு புக் சொல்றத அப்படியே எல்லாருக்கும் வெச்சதும்தான் எங்க டேபிள் அமைதியாச்சு, தம்பியும் அந்தக் கதை முடிஞ்சு அடுத்த கேம்பெயின்ல புது பாலடினாவே வந்தான்.

டிஎம்ங்களுக்கு இன்னொண்ணு, சண்டை கஷ்டத்த கணக்கு போடற முறையும் மாறிடுச்சு, மான்ஸ்டர் எண்ணிக்கை கூடினா எக்ஸ்பிய (மான்ஸ்டருக்கான அனுபவ பாயின்ட்) ரெண்டால பெருக்கறது மாதிரி எல்லாம் இப்போ கிடையாது. பழைய கணக்குல போட்டு வெச்ச சண்டைய புது கேரக்டருங்க பெரும்பாலும் ஊதித் தள்ளிடறாங்க, கூட ரெண்டு மான்ஸ்டர் சேத்துக்கங்க.

வாங்கலாமா? புதுசா ஆரம்பிக்கறவங்க கண்டிப்பா புது ஹேண்ட்புக், பழச தேடி அலைய வேணாம். ஏற்கனவே கேம்பெயின் ஓடிட்டிருந்தா அது முடியட்டும். காசு கையக் கடிக்குதுன்னா 2025 ஏப்ரல்ல எஸ்ஆர்டி 5.2ன்னு ரூல்ஸ இலவசமாவே விட்டிருக்காங்க, கிளாஸுக்கு ஒரு சப்கிளாஸ் இருக்கு, அத டவுன்லோட் பண்ணி நாலு வாரம் ஆடிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. பழைய அட்வென்சர் புக்க மட்டும் யாரும் எடைக்குப் போட்டுடாதீங்க.

அந்த தண்ணில ஊறின ஹேண்ட்புக் இன்னும் என்கிட்டதான் இருக்கு. ஸ்பெல் பக்கமெல்லாம் கட்டி ஆயிடுச்சு, ஆனா கிளெரிக் பக்கம் எப்படியோ பிரிஞ்சு வந்துச்சு, சனிக்கிழமை அக்கா லெவல் ஏறினா இப்பவும் அதத்தான் மெதுவா, கிழியாம பிரிச்சுப் பாக்கறோம்.