பாளைக்கு ஒன்று, களக்காட்டுக்கு வேறொன்று: வீட்டு இன்டர்நெட் எதை எடுக்கலாம்?

பிஎஸ்என்எல் ஃபைபரா, ஜியோ, ஏர்டெல் ஃபைபரா, இல்லை மொட்டை மாடியில் டப்பா மாட்டுகிற ஏர்ஃபைபரா என்று யோசிப்பவர்கள் முதலில் தங்கள் தெருவுக்குள் யாருடைய ஒயர் வருகிறது என்று பாருங்கள், பிளான் விலையை அப்புறம் பார்க்கலாம். திருநெல்வேலி டவுன் பக்கம் பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை என்றால் ஒரே கம்பத்தில் பல கம்பெனி ஒயர் தொங்கும், ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததற்கு மாறிக்கொள்ளலாம். அதே மாவட்டத்தில் களக்காடு, ராதாபுரம் பக்கம் உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் பெரும்பாலும் அந்த வசதி கிடையாது.

இது தற்செயல் இல்லை. பிஎஸ்என்எல்லின் செம்பு டெலிபோன் கம்பியை மற்ற கம்பெனிகளும் வாடகைக்கு எடுத்து இன்டர்நெட் கொடுக்கட்டும் என்று 2004-லேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. பிரிட்டனில் பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனத்தின் கம்பியிலேயே மற்ற கம்பெனிகளும் வியாபாரம் செய்தன, இங்கே அவரவர் ஒயரை அவரவரே இழுக்க வேண்டியதாயிற்று, சொந்தக் காசில் இழுப்பவர் வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவுக்குத்தானே முதலில் போவார்? 2019-ல் 699 ரூபாயில் தொடங்கிய ஜியோஃபைபர் மறுவருடமே 30 எம்பிபிஎஸ்ஸை 399-க்கு (ஜிஎஸ்டி தனி) இறக்கியதன் லாபம் அந்தத் தெருக்களுக்குத்தான் முதலில் போனது. பாரத்நெட் என்பது ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபரைக் கொண்டுவரும் மத்திய அரசுத் திட்டம், அங்கிருந்து வீட்டுக்கு யார் இழுப்பது என்பது தனிக் கதை.

ஆகவே டவுனுக்குள் இருப்பவர்கள் தனியார் ஃபைபரைத் தயங்காமல் எடுக்கலாம். கிராமத்துக்கு என் ஓட்டு பிஎஸ்என்எல் ஃபைபருக்கு. பல ஊர்களில் அதை வீடு வரை இழுப்பது வருமானத்தில் பங்கு வாங்கும் உள்ளூர் கேபிள்காரர்தான். ஒயர் அறுந்தால் கால் சென்டரில் பாட்டுக் கேட்க வேண்டாம், அண்ணாச்சி வீட்டுக்கே போய் நிற்கலாம். அவரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: கரண்ட் போனால், எங்களுக்கு லைன் அனுப்பும் உங்கள் பக்கத்துப் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்? ஃபைபர் இழைக்கும் அதை நடுவில் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்பிளிட்டருக்கும் கரண்ட் தேவையில்லை, இரண்டு முனைக்கும் தேவை. பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது, இதில் அது இல்லை. வீட்டு ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது.

ஏர்ஃபைபர் ஒயரே வராத வீட்டுக்கு. 2023-ல் வந்த இது உங்கள் செல்போன் பேசும் அதே டவரைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறது, எல்லாரும் போனும் கையுமாக உட்காரும் சாயங்காலத்தில் வேகம் இறங்கலாம். அதே வருட டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் போய் டவர்கள் அடங்கியதை நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எடுப்பதென்றால், உங்கள் சிம் எந்தக் கம்பெனியோ அதைத் தவிர்த்து வேறொன்றில் எடுங்கள், இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடக் கூடாது.

எதை எடுத்தாலும் வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று போகட்டும் என்று சொல்லி மாதாமாதமே கட்டுங்கள்.