யாழ்ப்பாணத்துச் சிறு இணைய வானொலிக்கு ஐஸ்காஸ்ட்: நெடுநாள் பாவனையில்

ஊருக்குள் கேட்ட வானொலியை ரொறன்ரோவிலும் லண்டனிலும் தேடிக் கேட்கத் தொடங்கினால் முதலில் இடிப்பது ஓர் எண்: 100. ஐஸ்காஸ்ட் என்பது வானொலியின் ஒலியை இணையம் வழியே கேட்பவருக்கு அனுப்பும் சேர்வர் மென்பொருள். அதோடு வரும் அமைப்புக் கோப்பில் 'கிளையன்ட்ஸ்', அதாவது ஒரே நேரத்தில் இணையக்கூடியவர் தொகை, அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் நேரலை போகும்போது அதைத் தாண்டி வருபவருக்கு இணைப்பே கிடைக்காது. "றேடியோ வேலை செய்யேல்லை" என்று போனவர் திரும்பி வருவது அரிது. எண்ணைக் கூட்டுமுன் கணக்குப் பாருங்கள்: ஒருவருக்கு 64 கேபிபிஎஸ் (செக்கனுக்கு 64 கிலோபிட்) வீதம் 500 பேர் என்றால் சேர்வருக்கு 32 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 32 மெகாபிட்) வேண்டும். ஐஸ்காஸ்ட் ஒலியை மறுபடி குறியேற்றுவதில்லை. அதனால் சின்னச் சேர்வரே தாங்கும். அதன் பெரிய பலம் இதுதான். அதே 64இல் எம்பி3 என்றால் தவிலும் தாளமும் சரசரக்கும்; ஏஏசி பிளஸ் ஒலி வடிவத்தை எடுங்கள்.

தமிழ் நிலையங்களுக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. பாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் குப்பை எழுத்து வரும். ஓக் என்ற ஒலி வடிவம் அல்லாத ஓடைகளில் (எம்பி3, ஏஏசி போன்றவை) பெயரை லத்தீன் குறியீடு என்றே ஐஸ்காஸ்ட் எடுத்துக்கொள்வதுதான் காரணம். அமைப்புக் கோப்பில் அந்த ஓடைக்குரிய மவுண்ட் பகுதியில் 'சார்செட்' என்பதை, தமிழையும் ஏற்கும் யூடிஎஃப்-8 ஆக்கினால் தீரும். ஒரு வரி வேலை. பாட்டைத் தேடி வந்தவருக்கு அந்தப் பெயர்தான் முகவரி, விட்டுவிடாதீர்கள்.

மின் தடையில் கணினிக்கு யூபிஎஸ் இருக்கும், ரவுட்டருக்கு இராது. இணைப்பு அறுந்து 10 செக்கனில் சேர்வர் மூலத்தை, அதாவது நிலையத்திலிருந்து வரும் ஒலியை, கைவிடும். மாற்று மவுண்ட் (நேரலை அறுந்தால் கேட்பவர் மாறிப்போகும் இன்னோர் ஓடை) இல்லாவிட்டால் கேட்பவர் எல்லாரும் விழுவார்கள். மாற்று மவுண்டில் பதிவுசெய்த பாட்டுகள் ஓடட்டும். கோடெக் (ஒலி வடிவம்), பிட்ரேட் (செக்கனுக்கு எத்தனை பிட்), சாம்பிள் ரேட் (செக்கனுக்கு எத்தனை ஒலி மாதிரி) மூன்றும் நேரலையோடு ஒத்திருக்க வேண்டும். சாம்பிள் ரேட் ஒன்றில் 44,100, மற்றதில் 48,000 என்றால் சில பிளேயர்கள் அப்படியே நின்றுவிடும். நேரலை மவுண்ட் பகுதியில் 'ஃபோல்பேக் ஓவர்றைட்' (fallback-override) 1 ஆக இருந்தால்தான் நேரலை மீண்டதும் ஆக்கள் தானாகத் திரும்புவர்.

ஐஸ்காஸ்ட் வழக்கமாக ஓடும் 8000ஆம் போர்ட்டைப் பல அலுவலக வலையமைப்புகள் மறிக்கும். எச்டிடிபிஎஸ் தளத்துக்குள் எச்டிடிபி ஓடையை உலாவியும் தடுக்கும். சொந்த டொமைனில், எச்டிடிபிஎஸ்ஸுக்குரிய 443ஆம் போர்ட் வழியாகக் கொடுங்கள். றேடியோ பிரவுசர் போன்ற இணைய வானொலிப் பட்டியல்களில் அந்த முகவரியையே பதியுங்கள். பிறகு சேர்வர் மாறினாலும் முகவரி மாறாது.

நிகழ்ச்சி நேரத்தைக் கேட்பவரின் ஊர் மணியில் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் காலை 6 மணி, ரொறன்ரோவில் கோடையில் முதல் நாள் இரவு 8.30, குளிரில் 7.30. லண்டன் ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணியை மாற்றும், ரொறன்ரோ நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட அந்த ஒரு கிழமைக்குத் தனி அட்டவணை வேண்டும்.