ஒன்ராறியோ சுற்றுலா என்று காசு கட்டுமுன் இதைப் படியுங்கள்

இந்தக் கோடையில் ஊரிலிருந்து உறவினர்களை அழைத்து கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைச் சுற்றிக் காட்ட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அக்காவையும் அத்தானையும் ஸ்காபரோவில் வான் சுற்றுலா நடத்தும் ஒருவரிடம் அனுப்பிவைத்தோம். நயாகரா, ஆயிரம் தீவுகள், ஒட்டாவா, அல்கொன்குவின் பூங்கா, ரொபர்மோரி என்ற துறைமுக ஊர் எல்லாம் ஒரே பயணத்தில், அருவியைப் பார்த்தபடி அறை, கோட்டைக்குள் நுழைவு, மூன்று வேளையும் நம் ஊர்ச் சாப்பாடு. இதுதான் விளம்பரம். சாப்பாடு மட்டும் சொன்னபடி கிடைத்தது. நன்றாகவும் இருந்ததாம், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்ராறியோவின் பரப்பு பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல். இலங்கையைப் போல் பதினாறு மடங்கு. ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவா கிழக்கே சுமார் 450 கிலோமீற்றர், ரொபர்மோரி வடமேற்கே சுமார் 300 கிலோமீற்றர். இரண்டையும் அடுத்தடுத்து அடுக்கி ஒருவர் திட்டம் தந்தால், நீங்கள் அதிகம் பார்க்கப்போவது நெடுஞ்சாலையைத்தான்.

அருவியைப் பார்த்தபடி என்று சொன்ன அறை சென்ற். கதரின்ஸ் நகரில் இருந்தது. அங்கிருந்து அருவிக்கு வண்டியில்தான் போக வேண்டும். அதைக்கூட விட்டுவிடலாம்.

ஆயிரம் தீவுகளில் செய்ததை விட முடியாது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த கோட்டை போல்ட் கோட்டை. ஒரு ஹோட்டல் அதிபர் மனைவிக்காகக் கட்டத் தொடங்கி, 1904-இல் அவர் இறந்ததும் பாதியில் நிறுத்திய மாளிகை. அது நிற்கும் ஹார்ட் தீவு கனடாவுக்குச் சொந்தமில்லை. எல்லைக்கோட்டுக்கு அப்பால், நியூயோர்க் மாநிலத்தில் இருக்கிறது. கனடாப் பக்கத்துக் கனனோக்வே ஊரிலிருந்து படகில் போனாலும் அங்கே இறங்குபவர் அமெரிக்காவுக்குள் நுழைகிறார். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு அமெரிக்க விசா வேண்டும். படகுத்துறையில் வைத்துத்தான் சாரதி இதைச் சொன்னார். "விசா எடுக்காமல் வந்தது உங்கள் பிழை, அக்கா" என்றாராம். முற்பணம் வாங்கும்போதே கடவுச்சீட்டுப் பிரதிகளை வாங்கி வைத்திருந்தவர்கள் இவர்கள்! அவர் கையிலிருந்த டிக்கெட்டுகளோ கோட்டையில் நிற்காமல் சுற்றித் திரும்பும் சிறிய படகுக்கானவை. அவையும் முதல் நாளே வாங்கப்பட்டவை. டிக்கெட்டில் இருந்த திகதியை அத்தான் படமெடுத்து வைத்திருக்கிறார். விசா சிக்கல் அங்கே திடீரென்று முளைக்கவில்லை; கோட்டைக்கென்று வாங்கிய காசை அவர்கள் அதற்கு முன்பே பையில் போட்டுவிட்டார்கள்.

அல்கொன்குவின் கதை இன்னும் நுணுக்கமானது. அந்தப் பூங்கா ஏழாயிரம் சதுர கிலோமீற்றருக்கும் மேல் விரிந்தது. அதன் தென்பகுதியை ஊடறுத்து 60-ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. ஏரிக்கரையிலோ நடைபாதையிலோ நிறுத்தினால் வாகனத்துக்கு அன்றைய அனுமதிச்சீட்டு வேண்டும். நிறுத்தாமல் நேரே கடந்துபோனால் வேண்டியதில்லை. சாரதி நிறுத்தவே இல்லை. "கரடி வரும், இறங்குவது ஆபத்து" என்றாராம். பக்கத்தில் மற்ற வாகனங்களிலிருந்து குழந்தைகள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ரொபர்மோரியில் குரோட்டோ என்ற குகையைப் பார்க்கக் கோடையில் வாகனத் தரிப்பிடத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். நான்கு மணி நேரத் தவணைகளாகத் தருவார்கள், சீக்கிரம் முடிந்துவிடும். இவர்கள் பதிவு செய்யவில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா பார்த்தது துறைமுகத்தையும் ஒரு ஐஸ்கிரீம் கடையையும்.

பயணம் முடிந்ததும் 13 சதவீத வரி தனி என்று கேட்டார்கள். விளம்பரப்படுத்தும் விலையிலேயே வரியும் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் பயண முகவர்களுக்கான விதி. அதைச் சொன்னதும் வரியை மறந்துவிட்டு, சாரதிக்கு அன்பளிப்பு என்று கையில் காசாகக் கேட்டார்கள். மீளளிப்பு கேட்டு எழுதியவற்றுக்கு இன்றுவரை பதில் இல்லை.

பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால் பதிவிலக்கமே இல்லை. இங்கே பயண முகவர்களைப் பதிவுசெய்து கண்காணிப்பது ரிக்கோ எனப்படும் ஒன்ராறியோ பயணத் தொழில் மன்றம். பதிவுள்ள முகவர்களின் பெயரை அதன் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அதன் இழப்பீட்டு நிதியும் பதிவுள்ள முகவரிடம் வாங்கியவர்களுக்கு மட்டுமே. பதிவில்லாமல் சுற்றுலா விற்பவர்களைப் பற்றியும் அங்கே முறையிடலாம், நாங்கள் முறையிட்டிருக்கிறோம்.

இதே மாதிரியான திட்டத்துக்கு ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்கள் இன்றே மூன்றைக் கேளுங்கள்: ஹோட்டலின் பெயரும் முகவரியும், குரோட்டோ தரிப்பிடப் பதிவின் பிரதி, படகு டிக்கெட்டில் கோட்டை நிறுத்தம் உண்டா என்ற எழுத்துமூலப் பதில். கடனட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தக் கட்டணத்தை ஆட்சேபிக்க வழி இருக்கிறது. எங்களைப் போல மின்னஞ்சல் வழியாகக் காசு மாற்றியிருந்தால், அது அவர்கள் கணக்கில் சேர்ந்த பிறகு வங்கியால் திருப்பி எடுப்பது மிகக் கடினம். ஆகையால் மீதித் தொகையையாவது பதில் வரும்வரை அனுப்பாதீர்கள்.