தோல்பாவைக்கூத்தா, திருச்சூர் நாடக விழாவா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத் தமிழர்கள் குறைந்த செலவில் மேடைக்கலை பார்க்க இரண்டு வழிகள் உண்டு.

திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமி 2008 முதல் நடத்திவரும் சர்வதேச நாடக விழாவுக்கு டிக்கெட் மலிவுதான். ஆனால் இரவுக் காட்சி முடிந்து ஊர் திரும்பப் பஸ் கிடைக்காவிட்டால் அறை வாடகை டிக்கெட்டை விழுங்கிவிடும். பகல் காட்சியைத் தேர்ந்தெடுங்கள்.

பகவதி கோயில்களில் இதற்கென்றே உள்ள கூத்துமாடம் என்ற மேடையில் நடக்கும் தோல்பாவைக்கூத்துக்கோ டிக்கெட்டே இல்லை. ஷொறணூர், ஒற்றப்பாலம் வட்டாரத்தில் கோடைத் திருவிழாக் காலத்தில் விசாரித்தால் தெரியும். திரைக்குப் பின்னால் 21 விளக்குகள், பாடப்படுவது கம்பராமாயணம். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டதால் இராவண வதத்தைக் காணாத காளிக்காகவே இது நடக்கிறது என்பது ஐதீகம். அதனால் எதிரே ஆள் இருக்கிறதா என்று பாவையாட்டும் புலவர்கள் பார்ப்பதில்லை. ஒரு விருத்தத்துக்கு நீளமாக உரை சொல்வார்கள். பாவைகள் அசையாமல் நிற்கும். பொறுமையற்றவர்களுக்கு அலுக்கும். கம்பனைக் காதால் கேட்க ஆசையுள்ளவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. விடியும்வரை நீளும் என்பதால், திரும்ப முதல் பஸ்ஸும் கிடைத்துவிடும்.

புது நாடகம்தான் வேண்டுமென்றால் திருச்சூருக்குப் போங்கள்.