4ஜி கிளைகளுக்கு ஃபிரீபிபிஎக்ஸ் 17 தாங்குமா? உள்நுழைவு அமைப்பைப் பற்றிய மதிப்பீடு

கிளிநொச்சியில் தலைமை அலுவலகம், முல்லைத்தீவில் ஒரு கிளை, மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இன்னொன்று. எல்லாமாகப் பத்துப் பதினைந்து தொலைபேசிகள், அவற்றில் பாதி 4ஜி ரவுட்டருக்குப் பின்னால். வன்னியில் ஒரு நெல் ஆலையோ சங்கமோ பயிற்சி நிலையமோ சொந்தமாக இணையத் தொலைபேசிச் சேர்வர் வைக்க நினைத்தால் நிலைமை அநேகமாக இப்படித்தான் இருக்கும். அப்படியொரு சேர்வரை நடத்தும் மென்பொருளான ஃபிரீபிபிஎக்ஸ் 17ஐ இந்த நிலைமைக்குள் வைத்தே பார்க்கிறோம். அதிலும் ஒரு பகுதியை மட்டும்: யாரை உள்ளே விடுவது, யாரை மறிப்பது என்று சேர்வர் தீர்மானிக்கும் இடத்தை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தாராளமாகப் போடலாம். ஆனால் நிறுவியவுடன் கிடைக்கும் அமைப்பு, எல்லாத் தொலைபேசியும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் அலுவலகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. அப்படியே விட்டால் வெளியாளை நன்றாகவே மறிக்கும். நம்முடைய கிளையையும் சேர்த்து மறிக்கும்.

உள்ளே ஓடுவது, அழைப்புகளை இணைக்கும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். அதன்மேல் உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கம்தான் ஃபிரீபிபிஎக்ஸ். இரண்டையும் இப்போது பராமரிப்பது சங்கோமா நிறுவனம். 17ஆம் பதிப்பு டெபியன் 12 லினக்ஸின் மேல் நிறுவப்படுகிறது. அடிப்படைப் பகுதிக்குப் பணம் இல்லை. சிப் என்ற இணைய அழைப்பு நெறிமுறையைக் கையாண்ட பழைய சான்சிப் இயக்கி ஆஸ்டரிஸ்க் 21உடன் நீக்கப்பட்டுவிட்டது, ஆகவே இனி எல்லாம் அதன் இடத்துக்கு வந்த பிஜேசிப் தான். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அமைக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். சான்சிப்பில் ஒரே பத்தியில் எழுதிய விடயம் பிஜேசிப்பில் மூன்றாகப் பிரிகிறது. தொலைபேசியின் இயல்புகள் எண்ட்பாயின்டில், பெயரும் கடவுச்சொல்லும் ஓத்தில், அந்தத் தொலைபேசி இப்போது எந்த முகவரியில் இருக்கிறது என்பது ஏஓஆரில். எக்ஸ்டென்சன் (ஒரு தொலைபேசிக்குக் கொடுக்கும் உள் இலக்கம்) பக்கத்தை நிரப்பினால் மூன்றையும் ஃபிரீபிபிஎக்ஸே எழுதிவிடுகிறது. இது பெரிய உதவி.

கடவுச்சொல் விடயத்தில் முழுப் புள்ளி கொடுக்கலாம். புதிய எக்ஸ்டென்சன் திறந்தால் 'சீக்ரெட்' பெட்டியில் 32 எழுத்து நீளமான ஒன்றைத் தானே போட்டுத் தருகிறது. சிக்கல் அதைத் தொலைபேசியில் ஏற்றும்போதுதான் வருகிறது. மேசைத் தொலைபேசியின் இலக்க விசைகளில் 'சி' எழுத்துக்கு 2ஐ மூன்று தரம் தட்டி, அடுத்ததற்குக் காத்திருந்து, இப்படி 32 எழுத்தையும் போட யாருக்கும் பொறுமை வராது. அந்த இடத்தில்தான் கடவுச்சொல் 1234 ஆகவோ, எக்ஸ்டென்சன் இலக்கமாகவோ மாறுகிறது. விசைகளைத் தொடவே வேண்டாம். தொலைபேசியின் திரையில் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள், அதே வலையமைப்பிலுள்ள கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் திறங்கள், அங்கே வரும் கணக்குப் பக்கத்தில் வெட்டி ஒட்டுங்கள். ஒரு தொலைபேசிக்கு இரண்டு நிமிடம் போதும். ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டால் கடவுச்சொல் பிழைக்கும், கண்ணுக்கும் தெரியாது. அதை மட்டும் கவனியுங்கள்.

தொலைபேசிப் பக்கத்தில் பெயர்ப் பெட்டிகள் இரண்டு இருப்பது அடுத்த குழப்பம். யீலிங்க் தொலைபேசியில் 'யூசர் நேம்', 'ரெஜிஸ்டர் நேம்' என்று இருக்கும். கிராண்ட்ஸ்ட்ரீமில் 'சிப் யூசர் ஐடி', 'ஓதென்டிகேட் ஐடி'. கணினியில் ஓடும் மைக்ரோசிப் என்ற தொலைபேசி மென்பொருளில் 'யூசர்நேம்', 'லொகின்'. ஃபிரீபிபிஎக்ஸுக்கு இரண்டிலும் எக்ஸ்டென்சன் இலக்கத்தையே போட வேண்டும். ஆளின் பெயரை 'டிஸ்பிளே நேம்' பெட்டியில் மட்டும் போடுங்கள். எந்தப் பெட்டி பிழை என்பதைச் சேர்வரின் நிகழ்வுப் பதிவே (லொக்) சொல்லிவிடும். 'நோ மேட்சிங் எண்ட்பாயின்ட்' என்று வந்தால் முதற் பெட்டியில் பிழை. 'ஃபெயில்ட் டு ஓதென்டிகேட்' மட்டும் வந்தால் இரண்டாவது பெட்டியோ கடவுச்சொல்லோ பிழை.

சேர்வர் அனுப்பும் 401 ('யார் என்று நிரூபி') என்ற பதிலைக் கண்டவுடன் கடவுச்சொல்லை மாற்றத் தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். அவசரப்பட வேண்டாம். தொலைபேசி முதலில் கடவுச்சொல் எதுவும் இல்லாமல் 'ரெஜிஸ்டர்' என்ற பதிவுக் கோரிக்கை ஒன்றை அனுப்பும். சேர்வர் 401 சொல்லி, கூடவே 'நான்ஸ்' என்ற ஒரு தற்காலிகச் சரத்தைக் கொடுக்கும். தொலைபேசி தன் பெயர், சேர்வர் தன்னை அடையாளம் காட்டும் 'ரெல்ம்', கடவுச்சொல், அந்த நான்ஸ் எல்லாவற்றையும் சேர்த்து எம்டி5 என்ற ஒருவழிக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் இரண்டாவது ரெஜிஸ்டரில் அனுப்பும். கணக்கு ஒத்துப்போனால் 200, அதாவது 'சரி'. ஆகவே ஒரு 401, அதன்பின் ஒரு 200 என்றால் எல்லாம் சரி. 401க்குப் பின் மறுபடியும் 401 வந்துகொண்டே இருந்தால்தான் பெயரையோ கடவுச்சொல்லையோ சந்தேகிக்க வேண்டும். 404 வந்தால் அந்தப் பெயரில் ஏஓஆர் இல்லை. 403 வந்தால் பெரும்பாலும் அந்த எக்ஸ்டென்சனில் இடம் நிரம்பிவிட்டது. ஆஸ்டரிஸ்க் கட்டளைத் திரையில் 'பிஜேசிப் செட் லொகர் ஒன்' கொடுத்தால் இந்தப் பேச்சுவார்த்தை முழுவதும் கண்முன் ஓடும்.

இடம் நிரம்புவது என்றால் என்ன என்பது கரண்ட் போய் வரும் ஊரில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். ரவுட்டர் நின்று மீண்டும் எழும்போது வெளியே தெரியும் ஐபியும் போட்டும் மாறிவிடும். சேர்வருக்கு அது புதிய தொலைபேசி மாதிரி. பழைய முகவரி காலாவதியாகும்வரை பதிவில் கிடக்கும். ஓர் எக்ஸ்டென்சன் எத்தனை முகவரி வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் 'மேக்ஸ் கான்டாக்ட்ஸ்' 1 ஆக இருக்கும்போது ஃபிரீபிபிஎக்ஸ் பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்கிறது, அதனால் மேசைத் தொலைபேசிக்கு 1 சரியான தெரிவு. கோப்பைக் கையால் எழுதி ஆஸ்டரிஸ்க்கை மட்டும் ஓட்டுகிறவர்கள் 'ரிமூவ் எக்சிஸ்டிங்' என்பதை 'யெஸ்' ஆக்க மறக்கக்கூடாது. அங்கே இயல்பு நிலை 'நோ'. ஒரே எக்ஸ்டென்சனை மேசையிலும் கைபேசியிலும் வைக்க விரும்பினால் 1இல் இரண்டும் ஒன்றையொன்று மாறிமாறித் தள்ளும். கைபேசிக்குத் தனி எக்ஸ்டென்சன் கொடுத்து, இரண்டையும் சேர்த்து ஒலிக்க வைப்பதே நல்லது.

அடுத்தது, பதிவாகிய தொலைபேசிக்கு வெளியிலிருந்து எடுத்தால் மணி அடிக்காத சிக்கல். கைபேசி வலையமைப்பில் பலரை ஒரே ஐபிக்குப் பின்னால் வைக்கும் நாட் அமைப்பு, செய்தி எதுவும் போய்வராத யூடிபி வழியைச் சில இடங்களில் 30 விநாடியிலேயே மூடிவிடும். சேர்வர் எத்தனை விநாடிக்கு ஒருமுறை தொலைபேசியைத் தட்டிப் பார்க்கிறது என்பதைச் சொல்லும் 'குவாலிஃபை ஃபிரீக்குவன்சி' 60 ஆக இருக்கும். அதை 25 ஆக்குங்கள். தொலைபேசியின் 'கீப் அலைவ்' நேரத்தையும் 20 தொடக்கம் 25 விநாடிக்குள் வையுங்கள். 'ஃபோர்ஸ் ஆர்போர்ட்', 'ரீரைட் கான்டாக்ட்', 'ஆர்டிபி சிமெட்ரிக்' மூன்றும் 'யெஸ்' ஆகவே வருகின்றன, கைவைக்க வேண்டாம். குரலைச் சேர்வர் வழியாக விடாமல் தொலைபேசிகளுக்கிடையே நேரே விடும் 'டிரெக்ட் மீடியா'வை மட்டும் 'நோ' ஆக்குங்கள். அது உள்நுழைவோடு சேர்ந்த விடயம் இல்லைதான், ஆனால் விட்டுவிட்டால் கிளைக்கும் கிளைக்கும் இடையில் ஒருபக்கக் குரல்தான் கேட்கும். ரவுட்டரில் 'சிப் ஏஎல்ஜி' இருந்தால் அணைத்துவிடுங்கள். கடந்துபோகும் செய்தியில் முகவரியைத் திருத்துகிற அந்த வசதி உதவியதைவிடக் கெடுத்தது அதிகம்.

செய்தியை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் போட்டால் ஏஎல்ஜியால் அதைப் படிக்கவே முடியாது, நாட் சிக்கலும் குறையும். அதற்குத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் சேவையிலிருந்து ஃபிரீபிபிஎக்ஸே எடுத்துத் தரும், பணம் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடித்துக் கரண்ட் போய் வரும் கிளையில் ஒரு புதிர் காத்திருக்கிறது. பெரும்பாலான மேசைத் தொலைபேசிகளுக்குள் மணிக்கூட்டைக் காக்கும் பற்றரி கிடையாது. எழும்பும்போது பல வருடம் பழைய திகதியுடன் எழும்பும். அந்தத் திகதியில் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, ஆகவே தொலைபேசி சேர்வரை நம்ப மறுத்துவிடும். இணையத்திலிருந்து நேரம் எடுத்த பிறகுதான் சரிவரும். 4ஜி ரவுட்டர் எழும்பப் பிந்தினால் அந்த நேரமும் கிடைக்காது. ரவுட்டரையே என்டிபி நேரச் சேர்வராக்கி, தொலைபேசியில் அதன் உள்ளூர் ஐபியைக் கொடுங்கள். ரவுட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் டிசி யூபிஎஸ் போட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழவே எழாது.

ஃபிரீபிபிஎக்ஸுக்கு மிகக் குறைந்த புள்ளி விழும் இடம் ஃபயர்வால்தான். தனியாகப் பார்த்தால் நல்ல ஃபயர்வால். பிழையான கடவுச்சொல்லுடன் திரும்பத் திரும்ப வரும் ஐபியை ஃபெயில்டுபான் என்ற காவல் நிரல் பூட்டிவிடும். ஆனால் கிளையிலுள்ள ஐந்து தொலைபேசிகளும் சேர்வருக்கு ஒரே ஐபியாகத்தான் தெரியும். அவற்றில் ஒன்றில் பழைய கடவுச்சொல் கிடந்தால், கிராண்ட்ஸ்ட்ரீம் 20 விநாடிக்கு ஒருமுறை விடாமல் முயலும். மூன்று நிமிடம் ஆகுமுன் எட்டுப் பிழை. ஐபி பூட்டப்படும். சரியான கடவுச்சொல் உள்ள மற்ற நான்கும் சேர்ந்து ஊமையாகிவிடும். 'முல்லைத்தீவுக் கிளைக்கு இணையம் இல்லை' என்று முறைப்பாடு வரும், போய்ப் பார்த்தால் இணையம் நன்றாக இருக்கும். தொலைபேசியில் தோல்விக்குப் பின்னான காத்திருப்பு நேரத்தை 20இலிருந்து 300 விநாடிக்கு உயர்த்துங்கள். கடவுச்சொல் மாற்றும் நாளில் தொலைபேசியின் கணக்கை முதலில் அணைத்து, சேர்வரில் மாற்றி, பிறகு புதியதைப் போட்டுத் திறங்கள்.

கைபேசி இணையத்தில் இன்னொரு படி மேலே போகிறது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்வார்கள். அந்த ஐபியிலுள்ள முன்பின் தெரியாத ஒருவரின் கணினி உங்கள் சேர்வரைத் தட்டினாலும் பூட்டு உங்கள் கிளைக்கும் விழும். அதைத் தவிர்க்க அந்த ஐபியை ஃபயர்வாலின் 'டிரஸ்டட்' (முழுதாக நம்பும்) வலயத்தில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் கிளையோடு சேர்த்து, அதே ஐபியில் இருக்கும் அத்தனை பேரையும் நம்புவதாக அது ஆகிவிடும்.

நிலையான தீர்வு வயர்காட் சுரங்கம், அதாவது இரண்டு இடங்களை இணையத்தின் ஊடாக இணைக்கும் மறைகுறியாக்கிய தனிப்பாதை. கிளையில் ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடும் சிறிய மிக்ரோடிக் ரவுட்டர் ஒன்றை வைத்து, அங்கிருந்து சேர்வருக்குச் சுரங்கம் போடுங்கள். சுரங்க இணைப்பைக் கிளையே தொடங்குவதால் பகிரப்பட்ட ஐபி தடையே இல்லை. 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 விநாடி. ஒவ்வொரு கிளைக்கும் வேறு வேறு உள்ளூர் வலை கொடுக்க வேண்டும். கிளிநொச்சிக்கு 192.168.21.0, முல்லைத்தீவுக்கு 192.168.22.0 என்ற மாதிரி. எல்லா ரவுட்டரும் பெட்டியிலிருந்து வந்த அதே இலக்கத்தில் இருந்தால் சுரங்கம் வேலை செய்யாது. இந்த வலைகளைச் சிப் செட்டிங்ஸ் பக்கத்தின் 'லோக்கல் நெட்வொர்க்ஸ்' பட்டியலிலும், ஃபயர்வாலின் 'லோக்கல்' வலயத்திலும் சேர்த்துவிட்டு, இணையப் பக்கம் சிப்பின் போட்டான 5060ஐ மூடிவிடலாம். சேர்வருக்கு மட்டும் நிலையான பொது ஐபி கட்டாயம். அலுவலக இணைப்பில் அது கிடைக்காவிட்டால் இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் மேகச் சேர்வர் ஒன்றில் வைப்பதே வழி.

நிர்வாகப் பக்கத்தையும் இந்தச் சுரங்கத்துக்குள்ளேயே வையுங்கள். 2025 ஆகஸ்டில் சிவிஇ-2025-57819 என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. எண்ட்பாயின்ட் மாட்யூல் (மேலே சொன்ன பிஜேசிப் எண்ட்பாயின்ட் இல்லை, ஃபிரீபிபிஎக்ஸின் ஒரு துணைப்பகுதி) வழியாக, கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகத்துக்குள் நுழைய அது இடம்கொடுத்தது. தீவிரம் பத்துக்குப் பத்து. இணையத்துக்குத் திறந்திருந்த சேர்வர்கள் உண்மையிலேயே தாக்கப்பட்டன. 17ஆம் பதிப்புக்கான திருத்தம் அந்த மாட்யூலின் 17.0.3இல் வந்தது. 32 எழுத்துச் சீக்ரெட் எல்லாம் அந்த வழியில் வந்தவரை மறித்திருக்காது, ஏனென்றால் கட்டமைப்புக் கோப்பில் சீக்ரெட்கள் வெற்று எழுத்தாகவே கிடக்கின்றன. பேக்கப் கோப்பிலும் அப்படித்தான். அதைப் பென்டிரைவில் போட்டு மேசையில் வைக்கக்கூடாது.

யாராவது உள்ளே வந்துவிட்டால் முதலில் தேடுவது வெளிநாட்டு அழைப்பு. வெளிநாடு எடுக்கத் தேவையில்லாத நிறுவனம் வெளிச்செல்லும் வழியில் 00 எனத் தொடங்கும் இலக்கத்தை அனுமதிக்கவே கூடாது. தேவையென்றால் ஓரிரு எக்ஸ்டென்சனுக்கு மட்டும் 'பின்' எனும் இரகசிய இலக்கத்துடன் திறந்துவிடுங்கள்.

சுரங்கத்துக்கும் மிக்ரோடிக்குக்கும் சேர்த்துச் செலவழிக்க முடிந்தால் இந்தச் சேர்வர் கிளைகளுக்கு நிம்மதியாக ஓடும். அந்தச் செலவு முடியாத, இரண்டே தொலைபேசி உள்ள இடத்துக்கு டிஎல்எஸ், 25 விநாடிக் கீப்அலைவ், 300 விநாடிக் காத்திருப்பு இந்த மூன்றும் இருந்தால் சமாளிக்கலாம். மூன்றும் இல்லாமல் 4ஜியில் ஓட்டுவதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

ஊழியர் ஒருவர் விலகும்போது செய்ய வேண்டியதில் ஒன்று வழிகாட்டிகளில் அதிகம் காணக் கிடைப்பதில்லை. சீக்ரெட்டை மாற்றியவுடன் அவருடைய கைபேசியிலிருந்து அழைப்பு எடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் முகவரி காலாவதியாகும்வரை, அலுவலகத்துக்கு வரும் அழைப்பு அந்தக் கைபேசியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். தொலைபேசி 3600 விநாடி கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம். எக்ஸ்டென்சனின் 'மேக்சிமம் எக்ஸ்பிரேஷன்' பெட்டியில் 600 போட்டு வைத்தால் தொலைபேசி எவ்வளவு கேட்டாலும் சேர்வர் பத்து நிமிடம்தான் கொடுக்கும். அதற்குள் 'பிஜேசிப் ஷோ கான்டாக்ட்ஸ்' பட்டியலிலிருந்து அந்த வரி தானாகவே போய்விடும்.