ஃபெட் சிமுலேஷன் ரிவ்யூ: சும்மா கிடைக்குது, சந்தா கட்டுற ஆப்பை விட உருப்படியா இருக்கு

பத்தாவது பசங்களுக்கு மின்னோட்டவியல் எடுக்குறவங்க இந்த ஒரு கேள்விய கேட்டு பாருங்க. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, ரெண்டு வயர். பல்புக்குள்ள போறதுக்கு முன்னாடி வயர்ல எவ்ளோ கரண்ட், பல்பை தாண்டி வெளிய வந்ததுக்கு அப்புறம் எவ்ளோ? ஓம் விதிய வரி பிசகாம ஒப்பிக்கிற பிள்ளையே "பல்பு எரியுறதுல கொஞ்சம் செலவாயிடும் சார், அந்த பக்கம் கம்மியாதான் வரும்"னு சொல்லும். போர்டுல எத்தனை தடவ படம் போட்டு விளக்குனாலும் தலைய ஆட்டிட்டு அடுத்த வாரம் அதே பதில்தான். இத உடைக்கிறதுக்கு நான் பார்த்ததுல ஒழுங்கா வேலை செஞ்ச கம்ப்யூட்டர் பாடம் ஃபெட் மட்டும்தான், அதனாலதான் இந்த ரிவ்யூ.

தெரியாதவங்களுக்கு, ஃபெட் (PhET)ங்கிறது அமெரிக்காவுல கொலராடோ போல்டர் யுனிவர்சிட்டி நடத்துற இலவச சிமுலேஷன் தளம், அதாவது சோதனைய கம்ப்யூட்டர் திரைலயே இழுத்து மாத்தி செஞ்சு பார்க்கலாம். 2001ல இயற்பியல் நோபல் வாங்குன கார்ல் வீமன், அந்த பரிசு பணத்துல ஒரு பங்கை போட்டு 2002ல ஆரம்பிச்சது. முதல்ல பிசிக்ஸ் மட்டும், இப்போ கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜினு நூத்துக்கும் மேல சிமுலேஷன் இருக்கு. லாகின் கேக்காது, விளம்பரம் வராது, "டெமோ கிளாஸ் புக் பண்ணுங்க"னு போன் அடிக்க மாட்டாங்க, இதுக்கே தனியா ஒரு ஸ்டார் போடலாம்.

இப்போ அந்த பல்பு கேள்விக்கு ஆகுற சர்க்யூட் சிமுலேஷனுக்கு வரேன். திறந்தா காலி இடம் ஒண்ணு, இடது பக்கம் ஒரு பெட்டில வயர், பேட்டரி, பல்பு, ரெசிஸ்டர், சுவிட்ச். எப்படி செய்யணும்னு ஒரு வரி கூட எழுதி இருக்காது. பசங்க தானா இழுத்து போடுவாங்க, முனைய முனைகிட்ட கொண்டு போனா ஒட்டிக்கும், சர்க்யூட் முடிஞ்ச அந்த நொடில பல்பு எரியும், வயருக்குள்ள நீல கலர்ல எலக்ட்ரான் எல்லாம் நகர ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நேரத்துல நகரும், பேட்டரி பக்கம் இருக்குறது முதல்ல, தள்ளி இருக்குறது அப்புறம்னு கிடையாது, இது ஒண்ணே பல பேருக்கு புதுசு. அப்புறம் வலது பக்கம் இருந்து அம்மீட்டரை (கரண்ட் அளக்குற மீட்டர்) எடுத்து பல்புக்கு முன்னாடி மாட்டுனா 0.90 ஆம்பியர். பல்புக்கு அந்த பக்கம் மாட்டுனா அதே 0.90. இங்க பசங்க சும்மா விட மாட்டாங்க, கழட்டி திரும்ப மாட்டுவாங்க, வேற பல்பு போடுவாங்க, மீட்டர் ரிப்பேர்னு சொல்லுவான் ஒருத்தன். அந்த வாக்குவாதம்தான் பாடம், அதுல நான் வாயே தொறக்க வேண்டியது இல்ல. இன்னொரு பல்பை தொடர் இணைப்புல, அதாவது ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா ஒரே வழில சேர்த்தா 0.45, ரெண்டும் மங்குது. பக்க இணைப்புல, அதாவது ஒவ்வொண்ணுக்கும் தனி வழி விட்டு போட்டா ரெண்டும் பழைய வெளிச்சத்துல எரியுது ஆனா பேட்டரிகிட்ட 1.80 காட்டுது, வீட்டுல ஏன் எல்லாத்தையும் பக்க இணைப்புல போடுறாங்கன்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சிடும்.

தப்பா மாட்டுனாலும் திட்டாது, இது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். வயரை மட்டும் பேட்டரியோட ரெண்டு முனைலயும் மாட்டுனா பேட்டரி மேல தீ எரியும், அவ்ளோதான், 'தவறான விடை'னு சிவப்பு எழுத்து கிடையாது, மார்க் குறையாது. இந்த ஷார்ட் சர்க்யூட்டை நிஜ பேட்டரில செய்ய விடுவோமா? கீழ இருக்குற ஆரஞ்சு பட்டனை அமுக்குனா எல்லாம் பழையபடி ஆயிடும். பெட்டிய கீழ தள்ளுனா காசு, அழிரப்பர், பென்சில்னு வரும், கடைசில ஒரு நாய் கூட இருக்கு, அந்த நாயை வயர்ல மாட்டி பார்க்காத பையனை நான் பார்த்ததே இல்ல. சிரிச்சுக்கிட்டே கடத்தி எது கடத்தாப்பொருள் எதுன்னு பிரிச்சிடுவாங்க.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, ட்யூஷன்ல ஒரு பையனோட அப்பா வருஷ சந்தா கட்டி ஒரு ஆப் வாங்கி குடுத்தாரு, பேரு வேணாம். அதே மின்னோட்ட பாடம்தான். ஒரு கார்ட்டூன் மாமா வந்து ஜோக் அடிக்கிறாரு, பின்னாடி மியூசிக் நிக்கவே இல்ல, மின்னல் பளிச் பளிச்னு வெட்டுது, திரைல நாலு வரி இங்கிலீஷ் ஓடுது, அதே நாலு வரிய ஒரு குரல் வேக வேகமா படிக்குது, சர்க்யூட் படம் ஒரு ஓரத்துல, அதோட விளக்கம் அடுத்த ஸ்லைடுல. பையன் நல்லா என்ஜாய் பண்ணி பார்த்தான். முடிஞ்சதும் பல்பு கேள்விய கேட்டேன், "அந்த பக்கம் கம்மியா வரும் சார்".

இதுல பையனை குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ரிச்சர்ட் மேயர்னு கலிபோர்னியா சாண்டா பார்பரா யுனிவர்சிட்டில ஒரு சைக்காலஜி புரொபசர், படமும் சொல்லும் சேர்ந்த பாடம் எப்போ மண்டைல ஏறும் எப்போ ஏறாதுன்னு பல வருஷம் சோதனை பண்ணவரு. அவரு சொல்றது சிம்பிள். ஒரே நேரத்துல மனசுல வச்சு வேலை செய்யுற இடம் ரொம்ப சின்னது, கண்ணுக்கு ஒரு வழி காதுக்கு ஒரு வழி. பாடத்துக்கு சம்பந்தம் இல்லாத ஜோக்கும் மியூசிக்கும் அந்த இடத்தை அடைச்சுக்கும், சுவாரசியமா இருந்தாலும் அடைச்சுக்கும். படம் ஓடும்போது அதை குரல்ல விளக்குனா கண்ணும் காதும் வேலைய பங்கு போட்டுக்கும், அதே வரியவே திரைலயும் ஓட விட்டா கண்ணு எழுத்து பக்கம் போயிடும், படத்தை பார்க்க ஆள் இல்ல. படமும் அதோட பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும், பெரிய பாடத்தை துண்டு போட்டு பிள்ளை கைல 'அடுத்தது' பட்டனை குடுக்கணும். இதுல ஒண்ணு மட்டும் நம்ம பசங்களுக்கு அப்படியே பொருந்தாது, இங்கிலீஷ்ல குரல் ஓடுறப்போ கீழ எழுத்து இருந்தா தமிழ் மீடியம் பசங்களுக்கு உதவத்தான் செய்யும், தாய்மொழி இல்லாத பாடத்துக்கு இந்த விதி தளரும்னு மேயரே ஒத்துக்குறாரு. மத்த எல்லாத்துலயும் அந்த ஆப் ஃபெயில். கல்யாண பந்தில ஒரே நேரத்துல பத்து பேர் வந்து இலைல கொட்டுன மாதிரி இருக்கு, பிள்ளை எத எடுத்து வாயில வைக்கும்?

ஃபெட்ல இதெல்லாம் யோசிச்சு வெட்டி எடுத்திருக்காங்க. வெளியிடுறதுக்கு முன்னாடி மாணவர்களை உட்கார வச்சு, மனசுல ஓடுறத சத்தமா சொல்லிக்கிட்டே விளையாட சொல்லி, எங்க முழிக்கிறாங்கன்னு பார்த்து திருத்துறது அவங்க வழக்கம். எழுத்து கம்மியா இருக்குறதுக்கு சோம்பேறித்தனம் காரணம் இல்ல, எழுத்து இல்லாமலே அடுத்து எங்க தொடணும்னு தோணுற மாதிரி அமைக்கிறாங்க. அணு கட்டுற சிமுலேஷனை பாருங்க, முதல் பக்கத்துல புரோட்டானை இழுத்து போட்டா தனிமத்தோட பேரு மாறும், நியூட்ரான் சரியா இல்லன்னா அணுக்கரு நடுங்கும், ரெண்டாவது பக்கத்துலதான் குறியீட்டோட நிறை எண்ணையும் சேர்த்து எழுதுற முறை வரும், அதுக்கப்புறம்தான் கேம். சொல்லி குடுக்காமலே படி படியா ஏத்துறாங்க. 2005லயே கொலராடோல ஒரு ஆய்வு வந்துச்சு, நிஜ வயர் பல்பு வச்சு படிச்சவங்களை விட இந்த சர்க்யூட் சிமுலேஷன்ல படிச்ச காலேஜ் பசங்க, அப்புறம் நிஜ சர்க்யூட் மாட்ட சொன்னப்பவும் நல்லா செஞ்சாங்க. அதுக்காக லேபை பூட்டிடாதீங்க, லூஸ் கனெக்ஷன்ங்கிற வாழ்க்கை பாடம் ஃபெட்ல கிடைக்காது.

குறை இல்லாம இல்ல. அந்த அணு சிமுலேஷன்ல பத்து புரோட்டானுக்கு மேல போட முடியாது, நியான்ல நின்னுடும், நமக்கு அடுத்த வகுப்புலயே சோடியம் குளோரைடு வேணும், சோடியம் பதினொண்ணு! தமிழ்ல சில சிமுலேஷன் இருக்கு, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தது, ஆனா எல்லாம் இல்ல, நம்ம பாடப்புத்தகத்துல இருக்குற வார்த்தையே எல்லா இடத்துலயும் வரும்னு எதிர்பார்க்காதீங்க, கிளாஸுக்கு முன்னாடி ஒரு தடவ திறந்து பார்த்துடுங்க. சின்ன போன்ல பட்டன் எல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கும், அம்மீட்டரை மாட்டுறதுக்குள்ள விரல் வேற எதையாவது இழுத்துடும், டேப் இல்லன்னா லேப்டாப் வேணும்.

பெரிய குறைன்னு பார்த்தா இது பாடம் கிடையாது, சாமான் மட்டும்தான். கேள்வி இல்லாம கைல குடுத்தா கொஞ்ச நேரத்துல எல்லா பேட்டரியும் தீப்பிடிச்சு எரியும், நாய்க்கு கரண்ட் குடுப்பாங்க, மணி அடிச்சிடும். ரொம்ப விளக்கி ஒவ்வொரு கிளிக்கையும் பேப்பர்ல எழுதி குடுத்தாலும் கெட்டுடும், சமையல் குறிப்பு மாதிரி செஞ்சு முடிச்சிட்டு போயிடுவாங்க. நான் செய்யுறது, முதல்ல கொஞ்ச நேரம் இஷ்டத்துக்கு விடுறது, அப்புறம் ஒரே ஒரு கேள்வி, பதிலை நோட்டுல எழுதி வச்சிட்டுதான் மாட்டி பார்க்கணும், யாரும் அழிக்கக்கூடாது. ரெண்டு பேருக்கு ஒரு மிஷின் குடுத்தா இன்னும் நல்லது, தனியா இருந்தா வாக்குவாதம் நடக்காது. சில ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டுல டீச்சர் மட்டும் இழுத்து காட்டுறாங்க, அதுக்கு யூடியூப் வீடியோவே போதும்.

நெட் இல்லாத இடத்துக்கும் ஆகும். ஒவ்வொரு சிமுலேஷனையும் தனி ஃபைலா டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல போட்டு குரோம்ல திறந்தா ஓடும், முன்னாடி ஜாவா, ஃப்ளாஷ் இன்ஸ்டால் பண்ண சொல்லி உயிரை வாங்குன கதை இப்போ வர்ற புது சிமுலேஷன்ல இல்ல. பழைய ஜாவா சிமுலேஷன் சிலது இன்னும் லிஸ்ட்ல கிடக்கு, அத பழைய கம்ப்யூட்டர்ல தொடாதீங்க, திறக்குறதுக்குள்ள பீரியட் முடிஞ்சிடும். என் கணக்குல அஞ்சுக்கு நாலரை, அரை மார்க் சோடியத்துக்காக குறைச்சது. சர்க்யூட், அணு, ஸ்கேட்போர்டு ஆற்றல், பின்னம் இந்த நாலுல ஆரம்பிங்க, ஆறாவது ஏழாவது பசங்களுக்கு பின்னம் போதும்.